பழுது பார்ப்பதும் படிப்பே!

(இரண்டாம் ஆண்டு, இளநிலை வேதியியல்)

 

"கையில் கிரீஸ் படாத வேலைக்குப் போகவேண்டும், அதற்குத்தான் உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்று சொல்லாத தந்தை எங்கள் வேப்பம்பட்டில் அரிது. விடியற்காலை மின்சார ரயிலில் அம்பத்தூருக்கும், சைக்கிளிலும் மொபெட்டிலும் காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும், கம்பெனிப் பேருந்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் போகிறவர்கள் நிறைந்த ஊர் அது. என் தந்தை காக்களூரில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அவர் சொல்லில் எதையும் நான் தட்டியதில்லை. ஆனால் கிரீஸைப் பற்றிய அந்த ஒரு கருத்தோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் உடன்பாடில்லை என்பதைச் சொல்ல ஒரு பழைய காரைத் துணைக்கு அழைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இன்றைய மாணவர்களில் பலர் இந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். நம் சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் என்னும் நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதல் செய்துவந்த கார் அது. மூல வடிவம் இங்கிலாந்தில் 1959இல் வெளியான டிரயம்ப் ஹெரால்ட். வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. ஆங்கிலேயர் இரண்டு கதவுடன் செய்த காருக்கு நான்கு கதவு வைத்தது நம் வண்டலூர்தான்! 1988இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. கார் செய்தவன் கடையை மூடிவிட்டால், உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது?

அந்தக் கார் சென்ற ஆண்டு ஓடாமல் நின்றது. ஸ்டார்ட் ஆகும், நூறடி போவதற்குள் மூச்சுத் திணறி நின்றுவிடும். பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர், "மின்சார பம்ப் ஒன்றை மாட்டுங்கள், இல்லையேல் எடைக்குப் போடுங்கள்" என்று இரண்டே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். பம்பைத் திறந்து பார்க்கவில்லை. இக்காலத்துத் தொழில்முறை அப்படித்தான் ஆகிவிட்டது: திறப்பதில்லை, மாற்றுவதே உண்டு.

வாத்தியார் ஐயா அப்பாவிடம் வந்தார். அப்பா கார் மெக்கானிக் அல்லர். ஆனாலும் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை! ஆயிலின் மட்டமும் இருக்க வேண்டியதற்கு மேலே இருந்தது. "டயாப்ரம் கிழிஞ்சிருக்கு வாத்தியாரே. இப்படியே ஓட்டினால் பேரிங் எல்லாம் போய்விடும்" என்றார். அதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

இங்கே அந்தப் பம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பௌதிக மாணவர்கள் பொறுத்தருள வேண்டும். எஞ்சினின் கேம் தண்டில் மையம் விலகிய ஒரு வட்டம் இருக்கிறது. அது சுழலும்போது பம்பின் நெம்புகோலைத் தள்ளுகிறது. நெம்புகோல் டயாப்ரத்தைக் கீழே இழுக்கிறது. மேலே வெற்றிடம் உண்டாகிறது. உள்வால்வு திறந்து தொட்டியிலிருந்து பெட்ரோல் வருகிறது. பிறகு ஒரு ஸ்பிரிங், டயாப்ரத்தை மேலே தள்ள, வெளிவால்வு வழியாகப் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. கார்புரேட்டர் நிரம்பிவிட்டால் அதன் ஊசிவால்வு மூடிக்கொள்ளும். உடனே டயாப்ரம் கீழேயே தங்கிவிடும். நெம்புகோல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். தேவைக்கு மேல் ஒரு சொட்டும் போகாது. இத்தனைக்கும் மின்சாரம் இல்லை, கணிப்பொறி இல்லை. உள்ளங்கை அகல ரப்பர் துணி ஒன்றும் ஒரு ஸ்பிரிங்கும் செய்கிற வேலை! அந்தத் துணி கிழிந்தால் பெட்ரோல் மேலே போவதற்குப் பதிலாகக் கீழே எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டுத் தாழ்வாரத்திலேயே வேலை நடந்தது. ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகள் உட்பட, முன்னோக்கிக் கவிழ்ந்துகொள்ளும்; முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைத் தொடலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்த பிறகே அப்பா ஸ்பானரைத் தொட்டார். பம்பைப் பிரிப்பதற்கு முன், மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு இழுத்தார். திரும்பப் பூட்டும்போது திசை மாறக்கூடாதல்லவா? கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் துருவும் இரண்டு சொட்டுத் தண்ணீரும் இருந்தன. டயாப்ரத்தை அழுத்திக் கால் சுற்றுத் திருப்பியதும் கையோடு வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நடுத் தட்டின் ஓரமாகப் பிறை நிலவு போல ஒரு கிழிசல்.

இனி என் பங்கு. பழைய துணியில் பூசியிருந்தது நைட்ரைல் ரப்பர். இயற்கை ரப்பரைப் பெட்ரோல் ஊறவைத்துப் பதம் கெடுத்துவிடும். இரண்டும் ஒரே குணமுள்ள ஹைட்ரோகார்பன்கள். நைட்ரைலில் முனைவுத் தன்மையுள்ள தொகுதிகள் இருப்பதால் அது பெட்ரோலைத் தாங்கும். ஆனால் இன்று பங்கில் விற்பது வெறும் பெட்ரோல் அல்ல. 2025இல் நாடு முழுவதும் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலோ முனைவுத் தன்மை உடையது. நைட்ரைலுக்குள் நுழைந்து உப்ப வைக்கக்கூடியது. தண்ணீரையும் ஈர்த்து வைத்துக்கொள்ளும். நம்பாதவர்கள் ஆய்வகத்தில் ஓர் அளவுக் குழாயில் நூறு மில்லி பெட்ரோலும் பத்து மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி நிறுத்தட்டும். அடியில் நிற்கும் நீர் மட்டம் ஏறத்தாழ முப்பதுக்கு வந்திருக்கும். கூடுதலாக வந்தது எத்தனால்!

ஆகவே புளோரின் சேர்ந்த வைட்டான் ரப்பர் பூசிய துணிதான் வேண்டும் என்று நான் சொன்னேன். அப்பா என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். மறுநாள் நாங்கள் இருவரும் சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் நாலைந்து கடை ஏறி இறங்கி அதையே வாங்கினோம். பழைய டயாப்ரத்தை வைத்து வரைந்து, வெட்டி, ஆறு திருகுகளுக்கும் துளையிட்டு, தண்டின் ரிவெட் தலையை அரத்தால் தேய்த்தெடுத்துப் புதுத் துணியை வைத்து மீண்டும் தட்டினார் அப்பா. பூட்டும்போது நெம்புகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரெதிர்த் திருகுகளாக முடுக்கினார். இல்லையென்றால் துணி விறைத்துப் போய் மறுபடி கிழியும். பெட்ரோல் கலந்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினோம். பம்பின் கை நெம்புகோலைப் பத்துப் பன்னிரண்டு முறை அடித்ததும் கண்ணாடிக் கிண்ணம் நிறைந்தது. வண்டி இன்றும் ஓடுகிறது.

நண்பர்களே, நைட்ரைலின் குணம் அப்பாவுக்குத் தெரியாது. எதிரெதிர்த் திருகின் கணக்கு எனக்குத் தெரியாது. இதில் எது படிப்பு, எது படிப்பில்லை? பட்டம் என்பது கையைக் கழுவிக்கொள்ளக் கிடைக்கும் சோப்பு என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; முப்பது வருடம் லேத்துக்கு முன் நின்ற கால்கள் அப்படித்தான் நினைக்கும். ஆனால் கல்லூரியும் அப்படி நினைக்கலாமா? 1903ஆம் ஆண்டிலேயே சென்னையில் சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். கோவை ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டுக் கற்றவர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவே இல்லை. இவர்கள் படத்தை ஆயுத பூஜையன்று மாட்டிவிட்டு, மற்ற நாளில் ஸ்பானர் பிடிப்பவனைத் தாழ்வாகப் பார்க்கிறோம்.

பழைய வண்டிகள் புகை கக்குகின்றனவே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் காரைத் தினமும் ஓட்டச் சொல்லி நான் வாதாடவில்லை. வாத்தியார் ஐயாவும் ஞாயிறன்று திருநின்றவூர்க் கோயில் வரை போய் வருவதோடு சரி. அரசும் 2021இல் ஐம்பது ஆண்டு கடந்த, உருமாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாக ஏற்று விதி செய்திருக்கிறது. புதுப் பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. நல்லதுதான். என் கவலை வேறு. பெருமைக்கு வைத்திருப்பவருக்கு ஒரு வழி பிறந்துவிட்டது, பிழைப்புக்கு வைத்திருப்பவருக்கு? செவ்வாப்பேட்டைச் சந்தைக்குக் கீரைக்கட்டு ஏற்றிப் போகும் பழைய மொபெட்டிலும் ரப்பர்க் குழாய்தான் இருக்கிறது, ரப்பர் வளையம்தான் இருக்கிறது. எத்தனால் அதையும் விட்டுவைக்காது. குழாய் கசிந்து சூடான சைலன்ஸர் மேல் சொட்டினால் என்ன ஆகும்? எந்த ரப்பரை மாற்ற வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு யார் சொல்வது? கடைக்காரர் சொல்லமாட்டார். பாடப் புத்தகத்தில் பாலிமர் பற்றி ஓர் அத்தியாயமே படித்துவிட்டு நாமும் சொல்லவில்லை.

ஆகையால் முதல்வர் அவர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் வளாகத்தைப் பெருக்குவதோடு, ஒரு நாள் பழுது பார்க்கும் நாளாக இருக்கட்டும். ஊரில் உள்ள மொபெட்டுகளின் பெட்ரோல் குழாய்களைப் பார்த்துச் சொல்வோம். மருந்து தெளிப்பான் வாஷர்களை மாற்றிக் கொடுப்போம். வேதியியல் மாணவனும் பௌதிக மாணவனும் ஒரு பக்கம், ஊர் மெக்கானிக்கும் நம் தந்தைமாரும் மறுபக்கம் உட்காரட்டும். அப்பாவைக் கேட்டேன். "காலேஜுக்குள்ளே நான் எதுக்குடா?" என்று முதலில் தயங்கினார். பிறகு, எந்த ஞாயிறு என்று கேட்டார். தொடங்குவதற்கு ஒரு மேசையும் ஒரு செட் ஸ்பானரும் ஒரு வாளி மணலும் போதும். ஸ்பானர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.