பிரேசில் போகிறவர்கள் கவனத்திற்கு



வெளிநாட்டு உளுந்து என்றால் பர்மா உளுந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அண்மை ஆண்டுகளில் பிரேசில் உளுந்தும் நம் மண்டிகளுக்கு வருகிறது. விளையும் இடத்தை நேரில் பார்த்து வர நம்மில் சிலர் புறப்படுகிறார்கள். நல்ல காரியம். போய் வந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலில் இறங்கும்போது யாரும் கேட்கவில்லை. "தேவையே இல்லை" என்றுதான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரும் சொன்னார். சிக்கல் திரும்பி வரும்போதுதான். அந்த நோய் நம் நாட்டில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு இங்கே ஏராளம். ஆகவே பிரேசிலிலிருந்து வருபவரிடம் சான்று இல்லையென்றால், அங்கிருந்து கிளம்பியதிலிருந்து 6 நாள் வரை தனிமையில் வைக்கிறார்கள். நம்முடன் வந்த நண்பர் இப்படி மாட்டிக்கொண்டார். பண்டிகை நேரம், கடை நிறையக் கூட்டம், முதலாளி மட்டும் கடையில் இல்லை!

அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே இந்த ஊசி செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். 2016 முதல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 60 வயதைத் தாண்டிய நம் போன்றோர் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, சாப்பாடு. சோறும் பயறும் அவர்களுக்கும் அன்றாட உணவுதான். ஆனால் பயற்றில் இறைச்சி சேர்த்து வேகவைப்பதுண்டு. 'செம் கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள். அதை மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும்! கோழியும் மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். தட்டை நிறுத்து, எடைக்குக் காசு வாங்கும் 'போர் கிலோ' உணவகங்கள் சைவர்களுக்கு வசதி. வேண்டியதைப் பார்த்து நாமே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பணம். அங்குள்ளவர்கள் 2020-இல் வந்த 'பிக்ஸ்' முறையில் செல்போனிலேயே பணம் கட்டுகிறார்கள். அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். நாம் கார்டையும் கொஞ்சம் ரியால் நோட்டுகளையும் நம்பித்தான் போக வேண்டும். சாவோ பாலோ தெருவில் செல்போனைக் கையில் பிடித்து நின்றால் பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஆங்கிலம் பல இடங்களில் எடுபடாது. போர்த்துகீசிய மொழி தெரிந்த ஒருவரை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கடிகாரம் நமக்கு எட்டரை மணி நேரம் பின்தங்கியது. கடைக்குப் போன் செய்யும்போது நினைவிருக்கட்டும்.

மூட்டையில் குத்தூசி போட்டுச் சரக்கைப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. பயணத் தாள்களை மட்டும் பிறர் வாய்ச்சொல்லை நம்பி விடுவது என்ன நியாயம்? டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் ஊசிக்கு நாள் குறியுங்கள். பிறகு உளுந்தைப் பார்க்கலாம்.