லேசர் ஒளியும் நம் முகச் சுருக்கமும்



பிறை வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது நாற்பத்தாறு. பதினேழு வயதில் பால்வெட்டில் இறங்கியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் உரம் போட்டார். இப்போது தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை. அவருடைய மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். பட்டணத்தில் ஓர் அழகு நிலையத்தார், ஐந்து தடவை லேசர் ஒளி பிடித்தால் முகச் சுருக்கமும் கன்னத்து மங்கும் போய்விடும், திருமணப் படத்தில் பத்து வயது குறைந்து தெரிவீர்கள் என்று சொல்லி நான்காயிரம் வெள்ளி கேட்கிறார்களாம். "சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கில் பணம் இருக்கிறது. எடுக்கலாமா, டீச்சர்?" என்பது அவர் கேள்வி.

2024 மே மாதத்தில் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று வந்தது. முதுமைக்கென்று சேரும் பணத்தில் ஒரு சிறு பகுதியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆயிற்று. ஆத்திர அவசரத்துக்கு உதவுகிற நல்ல வசதிதான். ஆனால் கைக்கெட்டிய பணத்தைத் தேடிக்கொண்டு எத்தனை வியாபாரம் வீட்டு வாசலுக்கு வருகிறது பாருங்கள்!

பணத்தைத் தொடுவதற்குமுன், சுருக்கம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். நம் தோலுக்கு அடியில் கொலாஜன், எலாஸ்டின் என்று இருவகை நார்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று தோலுக்கு உறுதி தருகிறது. மற்றொன்று இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பச் செய்கிறது. வயது ஏற ஏற இவை குறையும். இதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் இவற்றைக் காலத்துக்கு முன்பே அறுத்துப் போடுவது வெயில். ஒரு ரப்பர் பட்டையை அலமாரிக்குள்ளும் இன்னொன்றைச் சன்னல் விளிம்பிலும் சில மாதம் போட்டுவையுங்கள். சன்னலோரத்துப் பட்டை இழுத்தவுடன் அறுந்துவிடும். ரப்பரோடு வாழ்ந்த நமக்கு இதை விளக்கவா வேண்டும்?

சந்தேகமிருந்தால் உங்கள் மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். அது உங்கள் வயதுக்கு உரிய தோல். பிறகு புறங்கையைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி வெயில் செய்தது.

நம் கறுப்புத் தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி ஓரளவு குடையாக நின்று காப்பதால், வெள்ளையருக்கு விழுகிற மெல்லிய கோடுகள் நமக்குப் பல ஆண்டு தள்ளித்தான் விழும். ஆனால் நமக்கு வேறு தொல்லை. சுருக்கத்துக்கு முன்னால் மங்கு விழும். திட்டுத் திட்டாகக் கறுக்கும். "முகம் கிழடு தட்டிவிட்டது" என்று நம் பெண்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நிறமாற்றத்தைத்தான்.

பினாங்கு வெயிலைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. வெளிநாட்டுப் புத்தகங்களில், உச்சிப் பொழுது பன்னிரண்டு மணி, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வெளியே போகாதீர்கள் என்று இருக்கும். அப்படியே நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, சபா சரவாக்கோடு ஒன்றாயிற்று. சூரியன் கடிகாரத்தைக் கேட்டு நடப்பதில்லை அல்லவா? ஆகவே பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய பகல் ஒன்று இருபதுக்கு. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு நடக்கிற நேரம்! நாம் கவனமாக இருக்கவேண்டியது பதினொன்றிலிருந்து மூன்றரை வரை. தமிழ்ப்பள்ளிகளில் ஓட்டப் பந்தயப் பயிற்சி வைக்கிற ஆசிரிய நண்பர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வெயிலில் புற ஊதாக் கதிர் இரண்டு வகை நம்மைத் தொடுகிறது. "பி" வகை மேல்தோலைச் சுடும். "ஏ" வகை சுடாது. ஆனால் ஆழமாக இறங்கி நார்களை அறுக்கும். சாதாரணக் கண்ணாடியையும் ஊடுருவும். 2012இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் ஒரு படம் வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டிய அறுபத்தொன்பது வயதுக்காரர். சன்னல் பக்கமிருந்த இடது கன்னம் பை பையாகச் சுருங்கித் தொங்க, வலது கன்னம் எவ்வளவோ இளமையாக இருந்தது. ஒரே முகம்! அங்கே ஓட்டுநர் இடப்பக்கம். இங்கே நமக்கு வலப்பக்கம். தொழிற்சாலை பஸ்ஸில் தினமும் ஒரே சன்னலோரத்தில் அமர்ந்து போகிற பெண்களுக்கும் இது பொருந்தும்.

பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும் நம்மவர் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொள்வதைப் பார்த்துச் சுற்றுப்பயணிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கைக்கும் கழுத்துக்கும் அதைவிட மலிவான கவசம் இல்லை. அந்தக் காலத்தில் முழுக்கைச் சட்டையும், தலையில் துண்டும், அதன்மேல் தொப்பியுமாக வேலைக்காட்டுக்குப் போன நம் தாய்மார்கள், தெரிந்தோ தெரியாமலோ சரியானதைத்தான் செய்தார்கள். மலாய்ப் பெண்கள் பூசும் பெடாக் செஜுக் குளிர்ச்சிக்கு நல்லது. நம் மஞ்சளும் அப்படியே. ஆனால் வெயிலைத் தடுக்க இவற்றை நம்ப முடியாது.

இனி லேசருக்கு வருவோம். சாதாரண விளக்கின் ஒளி பல நிறமாய் நாலா பக்கமும் சிதறும். லேசர் ஒளி ஒரே நிறமாய், ஒரே திசையில், ஒரே அடியாகப் போய் விழும். 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். சுருக்கத்தைப் போக்கப் பயன்படும் கரியமில வாயு லேசரை 1964இல் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். இது நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி. அந்த ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். தோலில் தண்ணீர்தானே அதிகம்? ஆகவே மேல்தோலை மெல்லிய ஏடாக ஆவியாக்கி எடுக்க அதனால் முடிகிறது. காயம் ஆறும்போது உடம்பு புதிய கொலாஜனை நெய்கிறது. அதனால் சுருக்கம் குறைகிறது. 2004க்குப் பிறகு, முழுத் தோலையும் உரிக்காமல் ஊசிமுனை போன்ற புள்ளிகளாக மட்டும் சுடுகிற முறை வந்தது. இடையிலுள்ள நல்ல தோல் உதவுவதால் சீக்கிரம் ஆறுகிறது.

ஆக, லேசர் என்பது முகத்தில் வேண்டுமென்றே உண்டாக்குகிற ஒரு காயம். அளவோடு, கணக்காக உண்டாக்குகிற காயம். அந்தக் கணக்குத் தெரிந்த கையா என்பதுதான் கேள்வி.

வகுப்பில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைச் சுட்டுக் காட்டுவோம். வெள்ளைக் காகிதம் நெடுநேரம் கழித்துப் புகையும். கறுப்புக் காகிதம் உடனே பற்றிக்கொள்ளும். மங்கு, மயிர், பச்சை குத்திய தழும்பு இவற்றை நீக்கும் பல லேசர்கள் நிறத்தைக் கண்டு சுடுபவை. வெள்ளைத் தோலில் கரும்புள்ளி மட்டும் இலக்காகும். நம் தோலில் எல்லா இடத்திலும் நிறமி உண்டே! வெள்ளையருக்கு வைக்கிற அளவை நமக்கு வைத்தால் தோல் முழுவதும் சூடேறும். கொப்புளம் வரும், ஆறியபின் முன்னிலும் கறுப்பாகத் தழும்பு நிற்கும். தோலின் நிறத்தை அளக்க 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மருத்துவர் ஒரு வரிசை வகுத்தார். அதில் மாநிறமும் கறுப்பும் பின்னால்தான் சேர்க்கப்பட்டன. இன்று ஒன்று முதல் ஆறு வரை உள்ள அந்த வரிசையில் நம்மவர் பெரும்பாலும் நான்கு, ஐந்து, ஆறு. நமக்கேற்ற லேசரும் உண்டு. ஆழமாகச் சென்று நிறமியை அதிகம் தொடாத வகை அது. எதை, எந்த அளவில், எத்தனை வார இடைவெளியில் என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. நம் மங்கு இருக்கிறதே, அது சூடு கண்டால் கிளம்புகிற சாதி. லேசரால் மங்கு அதிகமாகித் தோல் மருத்துவரிடம் வருகிறவர்கள் உண்டு.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மருத்துவ லேசரையும் ஊசியையும் அழகு நிலையத்தார் தொடக்கூடாது. பதிவுபெற்ற மருத்துவராக இருந்தாலும், அழகியல் சிகிச்சைக்கென்று சுகாதார அமைச்சு தருகிற எல்.சி.பி. என்ற கடிதம் அவருக்கு வேண்டும். 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டப்படி, பதிவில்லாத கிளினிக்கைத் தனி ஆளாக நடத்துபவருக்கு மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதமோ ஆறாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது மாநகராண்மைக் கழகத்தின் வியாபார உரிமமா, அமைச்சின் பதிவுச் சான்றிதழா என்று படித்துப் பாருங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். காதுக்குப் பின்னால் சிறிது சோதித்துப் பார்க்கிறார்களா? கண்ணுக்கு மூடி போடுகிறார்களா? நீரிழிவு உண்டா, தழும்பு தடித்து வளருமா என்று விசாரிக்கிறார்களா? விசாரிக்காமல் முன்பணம் கேட்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பிறை சகோதரிக்கு என் பதில்: பணத்தை எடுக்காதீர்கள். உங்களுக்கு மங்கு இருக்கிறது, திருமணத்துக்குச் சில மாதமே இருக்கிறது, கேட்பவர் மருத்துவருமல்லர். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வெள்ளிதான். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். மங்குக்கு மருந்துக் களிம்பே பலருக்குப் போதுமானது. அதுவரை தினமும் காலையில் வெயில்தடுப்புக் களிம்பு பூசுங்கள். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் எவ்வளவு வருமோ, அவ்வளவும் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். கடுகளவு தொட்டுப் பூசிவிட்டுப் பலனில்லை என்று சொல்லக்கூடாது. மங்கு உள்ளவர்களுக்குத் தோல் நிறத்தில் வருகிற, இரும்பு ஆக்சைடு கலந்த வகை இன்னும் நல்லது. வெளியில் நின்றால் இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூசவேண்டும்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட தொள்ளாயிரம் பேரை நாலரை ஆண்டு கவனித்தார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. தினமும் களிம்பு பூசியவர்களின் தோலில், இஷ்டத்துக்குப் பூசியவர்களைவிட முதுமைக் குறிகள் 24 விழுக்காடு குறைவு. லேசர் செய்துகொண்டவரும் இந்தக் களிம்பை விட முடியாது. விட்டால் செலவழித்த காசு வெயிலோடு போயிற்று.

களிம்பு என்றதும் இரவுச் சந்தைக்கு ஓடிவிடாதீர்கள். ஒரே வாரத்தில் வெளுக்கவைக்கிற களிம்பில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் இத்தகைய களிம்பு பூசியவர்களிடம் சிறுநீரக நோயைக் கண்டு 2023இல் எச்சரித்தார்கள். இங்கே பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் பல்லாண்டாய்ச் சொல்லி வருகிறது. டப்பாவில் என்.ஓ.டி. என்று தொடங்கி கே என்ற எழுத்தில் முடியும் எண் இருக்கவேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் பட்டியலில் பிள்ளைகளைக் கைப்பேசியில் தேடச் சொல்லுங்கள். போலி எண்ணும் உண்டு.

நம்மவருக்கு இன்னும் அவசியமான லேசர் ஒன்று இருக்கிறது; அதற்குத்தான் விளம்பரமே இல்லை. 2019ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. நீரிழிவு கண்ணின் பின்திரையில் இரத்தக் கசிவை உண்டாக்கும். காலத்தில் கண்டால் லேசர் கொண்டு பார்வையைக் காப்பாற்றலாம். கசிவு தொடங்கும்போது பார்வையில் ஒரு மாற்றமும் தெரியாது; ஆகவே கண்ணில் தொந்தரவு இல்லையே என்று இருந்துவிடாமல் வருஷத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் கண்ணைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் ஏறிய சர்க்கரை கொலாஜனையும் விறைக்கச் செய்யும். நீரிழிவைக் கட்டுப்படுத்துவது முகத்துக்கும் நல்லதுதான். புகைபிடிக்கும் அண்ணன்மார்களுக்கும் இதே பேச்சு: புகையும் சுருக்கத்தை வளர்க்கும்.

இதற்குள் யாரேனும் லேசர் செய்துகொண்டு முகம் சுட்டுப்போயிருந்தால், உடனே குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். பற்பசை, கிச்சாப், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கறுத்த தழும்பு மங்க மாதக்கணக்காகும். அதுவரை குடையில்லாமல் வெளியே போகவேண்டாம். "இன்னொரு தடவை இலவசமாகச் செய்து சரிப்படுத்துகிறோம்" என்று அதே கடையில் கூப்பிட்டால் போகாதீர்கள். முகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாநிலச் சுகாதார இலாகாவில் புகார் கொடுக்கப் போகும்போது அந்தப் படத்தோடு பணம் கட்டிய ரசீதும் கையில் இருக்கட்டும்.