காலம் கடந்த சிகிச்சையும் நாற்பத்தொன்பது சதவீதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதத்தில் மூளைத் தமனியை அடைத்த இரத்தக்கட்டியை வடிகுழாய் செலுத்தி அகற்றும் சிகிச்சை, நோய் கண்டு ஆறு மணி நேரம் கடந்தால் பிரயோஜனப்படாது என்றிருந்த அபிப்பிராயத்தை 2018-இல் பிரசுரமான ‘டான்’ ஆய்வு மாற்றியதைத் தங்கள் இதழ் விளக்கியிருந்தது. 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கட்டி அகற்றப்பட்டவர்களில் 49 சதவீதத்தினரும், அகற்றப்படாதவர்களில் 13 சதவீதத்தினரும் 90-ஆம் நாளில் பிறர் துணையின்றி வாழ்ந்தார்கள் என்பது மகத்தான விஷயமே. ஆயினும் அவர்கள் எல்லாரும், உடலின் பலவீனம் பெரிதாயிருந்தும் ஸ்கேனில் மூளையின் சேதம் சிறிதாகத் தெரிந்தமையால் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்பதை மறப்பதற்கில்லை.

பிரதான வாய்க்கால் அடைபட்டாலும் கிளை வாய்க்காலின் கசிவில் பிழைத்திருக்கும் பயிரைப்போல், பக்க நாளங்களின் தயவில் எவ்வளவு மூளை உயிரோடிருக்கிறது என்பதே, கடிகாரத்தைக் காட்டிலும் (கடிகாரமும் அற்பமன்று) குணத்தை நிர்ணயிக்கிறது. வயது, நோய்க்கு முந்திய தேகஸ்திதி, அடைப்பு எவ்வளவு திறந்தது என்பவையும் கணக்கில் சேரும்.

ஆகவே, “எழுந்து நடப்பாரா, டாக்டர்?” என்று கேட்கும் பந்துக்களிடம் சதவீதம் சொல்லும் வைத்தியர், அது ஒரு கூட்டத்தின் கணக்கே தவிர அந்த ஒருவரின் ஜாதகமன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாசகர்களும், இருபத்து நான்கு மணி நேரம் அவகாசம் இருக்கிறதென்று எண்ணி வீட்டில் காத்திராமல், முகம் கோணிய கணமே மருத்துவமனைக்குப் புறப்படும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்