சீனி நாக்கோடு முடிவதில்லை

மும்பையின் மாதுங்காவில் காபிக்கு 'சர்க்கரை வேண்டாம்' என்கிறார்கள். தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் 'சீனி போடாதீங்க' என்கிறார்கள். சொல் வேறானாலும் பயம் ஒன்றுதான். சர்க்கரை மூளைக்கு விஷம், நரம்பைத் தளர்த்திவிடும், அதை விட்டுவிட்டால் வலிப்பிலிருந்து மறதி வரை எல்லாம் அடங்கிவிடும் என்ற பேச்சு செம்பூரில் காலை நடை போகிறவர்களிடமும் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பேச்சு முழுப் பொய்யல்ல. அதனால்தான் எளிதில் நம்பப்படுகிறது. ஆனால் அதன் அடியில் ஒரு தவறான எண்ணம் கிடக்கிறது. சர்க்கரை என்றால் தின்கிற பொருள், உடம்பில் எரியும், மிஞ்சினால் கெடுக்கும், வேறு வேலை அதற்குக் கிடையாது என்பதே அந்த எண்ணம்.

இதை மறுக்க வெகுதூரம் போகவேண்டாம். பரேலில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனை போதும். 1952-இல் அங்கே ஒய்.எம். பெண்டேவும் அவருடைய சகாக்களும் எந்த வகையிலும் சேராத ஒரு ரத்தத்தைக் கண்டு 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஏ, பி, ஓ என்று நாம் பிரிப்பதே சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியைப் பார்த்துத்தான். நுனியில் ஒரு வகைச் சர்க்கரை இருந்தால் ஏ, இன்னொரு வகை இருந்தால் பி, இரண்டும் இல்லாவிட்டால் ஓ. மூன்றுக்கும் பொதுவான அடித்தளத்தில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை ஒன்று உட்கார்ந்திருக்கும். பெண்டே குழு கண்டவர்களுக்கு அந்த ஃபியூகோஸே அங்கு இல்லை. அவர்களுக்கு ஓ ரத்தம்கூட ஒத்துக்கொள்ளாது. ஊர் மும்பை ஆகிவிட்டது. அந்த ரத்தவகை இன்றும் 'பாம்பே'தான். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்வார்கள். ரத்தம் ஏற்றவேண்டிய நேரம் வராதவரை அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

அப்படியானால் மூளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1992-இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து மருத்துவர்கள் இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். அதே பாம்பே ரத்தம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி கடுமையான தொற்று வந்தது. மனவளர்ச்சியும் மிகவும் பின்தங்கியிருந்தது. காரணம் 2001-இல் பிடிபட்டது. சர்க்கரைச் சங்கிலிகள் கோக்கப்படும் இடம் செல்லுக்குள் இருக்கும் கோல்கி. ஃபியூகோஸை அதற்குள் கொண்டுசேர்க்கும் புரதத்தின் மரபணு பழுதாகியிருந்தது. பாம்பே ரத்தக்காரர்களுக்கு ஃபியூகோஸ் ஓரிடத்தில்தான் ஒட்டாமல் போகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு முழுக்கவே தட்டுப்பாடு. இதே கோளாறுள்ள ஒரு குழந்தைக்கு ஜெர்மனியில் ஃபியூகோஸை வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று குறைந்தது, வளர்ச்சியிலும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. இஸ்ரேல் பிள்ளைகளுக்கு அது பலன் தரவில்லை. பழுது ஒரே மரபணுவில் என்றாலும் ஒரே மாதிரி இல்லை. எப்படியிருந்தாலும், ஒரு சர்க்கரை போதாததே இங்கே நோய். ஒரு குழந்தைக்காவது அந்தச் சர்க்கரையே மருந்தானது. 'விஷம்' என்ற ஒற்றைச் சொல்லில் இது அடங்காது.

'சுகர் வந்தவர்களுக்குக் கால் மரத்துப்போகிறதே, அது பொய்யா?' என்று கேட்பார்கள். பொய்யில்லை. நீரிழிவு நரம்பைக் கெடுக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் அங்கே நடப்பது வேறு. ரத்தத்தில் மிஞ்சிய குளுக்கோஸ், யாரும் கேட்காமலே புரதங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் எச்பிஏ1சி சோதனை அளப்பது அப்படி ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான். சிவப்பணுவைப் போலவே நரம்பணுவும் தன் மேல் அணிந்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளோ நொதிகள் ஒவ்வொரு மணியாகக் கோத்தவை. சுவரில் தெறித்த சேற்றையும் வாசலில் போட்ட கோலத்தையும் ஒன்றாக எண்ணக்கூடாது. காபியில் சீனியைக் குறைப்பது நல்லதுதான். அதனால் இந்தக் கோலம் மாறுவதில்லை. வலிப்புக்கும் இதே கதை. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவு, மருந்துக்கு அடங்காத சில குழந்தைகளின் வலிப்பைக் கட்டுப்படுத்துகிறது. அது மருத்துவர் கண்காணிப்பில் நடக்கும் சிகிச்சை. வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டோபிராமேட் மாத்திரையோ பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸிலிருந்து உருவாக்கப்பட்டது.

இன்னொரு சாரார், 'இதெல்லாம் லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்' என்று தள்ளிவிடுவார்கள். சான்ஃபிலிப்போ என்ற நோயில் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியை உடைக்கும் நொதி இருக்காது. உடையாத சங்கிலி மூளையில் தேங்கத் தேங்க, பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழக்கிறது. நோய் அபூர்வம்தான்; அந்த வீட்டுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. அரசின் 2021 அபூர்வ நோய்க் கொள்கையில் கே.இ.எம். ஒரு சிறப்பு மையம். 2022 முதல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் இல்லாத நொதியை வெளியிலிருந்து ரத்தத்தில் ஏற்றினாலும் அது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டாது என்பதுதான் மருத்துவர்களை இன்னும் தடுத்து நிறுத்தும் சுவர்.

எதிர்ப்பக்கத்து ஆர்வத்துக்கும் கடிவாளம் தேவை. சர்க்கரைச் சங்கிலி இவ்வளவு முக்கியமென்றால் அதையே மாத்திரையாக்கி விழுங்கலாமே என்று தோன்றும். கடற்பாசியிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலி மருந்து ஒன்றுக்குச் சீனா 2019-இல் அல்சைமருக்காக நிபந்தனையோடு அனுமதி தந்தது. பல நாடுகளில் தொடங்கிய பெரிய பரிசோதனையை அந்த நிறுவனமே 2022-இல் நிறுத்திக்கொண்டது.

சரி, அபூர்வ நோய்களை விடுவோம். தாராவியை நேராகத் தொடும் ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலைப் பக்கம் ஒருவர் பின் ஒருவராகக் கால் தளர்ந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது, சிலர் இறந்தார்கள். நோயின் பெயர் கில்லன்-பாரே, சுருக்கமாக ஜி.பி.எஸ். நோயாளிகள் சிலரின் மலத்தில் கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா இருந்தது. சரியாக வேகாத கோழியிலும் அசுத்தமான தண்ணீரிலும் வருவது அது.

வயிற்றுக்கிருமி நரம்பை எப்படித் தொடுகிறது? சர்க்கரை வழியாக. நம் நரம்பின் மேல் ஜிஎம்1 என்ற கேங்க்ளியோசைடு இருக்கிறது. சயாலிக் அமிலம் தொங்கும் சர்க்கரைச் சங்கிலி அது. இந்தக் கிருமியின் சில வகைகள் அச்சு அசலாக அதே சங்கிலியைத் தங்கள் மேலுறையில் அணிந்திருக்கின்றன. இதை ஜப்பானின் நொபுஹிரோ யூகி குழு 1993-இல் காட்டியது. கிருமியை அழிக்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள், அடையாளம் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்குகிறது. தாக்கப்படும் சங்கிலி மாறினால் நோயின் முகமும் மாறும். ஜிகியூ1பி என்ற சங்கிலி கண்ணை அசைக்கும் நரம்புகளில் மிகுதி. அதற்கு எதிர்ப்பொருள் உண்டானால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும்.

குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டி ஓடும் சந்துகளில் வாழ்கிறவர்களுக்கு இது ஏட்டுச் செய்தியல்ல. இந்தக் கிருமி தொற்றியவர்களில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் ஜி.பி.எஸ். வரும். வந்தால் சில நாட்களிலேயே தளர்ச்சி காலிலிருந்து மேலே ஏறும். நான்கில் ஒருவருக்கு மூச்சுத் தசைகளும் தளர்ந்து வென்டிலேட்டர் தேவைப்படலாம். ரத்தநாளம் வழியாக ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதும், பிளாஸ்மாவை மாற்றுவதும் இதற்குச் சிகிச்சை. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வயிற்றுப்போக்கு நின்று ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டு காலும் மதமதத்து, படியேற முடியாமல் போகிறவரிடம் 'சீனியை நிறுத்து, சரியாகிவிடும்' என்று சொல்வது அந்த நாட்களைத்தான் பறித்துக்கொள்கிறது. தாராவியிலிருந்து சயான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைக்கே அவரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும்.