விசிறி விமானமா? ஜெட் விமானமா? புதுவைக்கு ஏற்றது எது?

ஒலக்கூர், திண்டிவனம் வட்டாரத்து மக்கள் ஆகாய விமானம் ஏற வேண்டுமானால் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் சென்னை மீனம்பாக்கத்துக்குத்தான்.

ஆனால் அதைவிடக் கிட்டத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. புதுச்சேரி லாசுப்பேட்டை விமான நிலையம்தான் அது. ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் வழியாகப் போனால் சுமார் 50 கிலோ மீட்டர். மீனம்பாக்கம் போவதில் ஏறத்தாழப் பாதித் தூரம்!

கிட்டத்தில் இருந்தும் அது இந்த வட்டாரத்துக்கு ஏன் அதிகம் பயன்படவில்லை? அங்கே விமானம் வருவதும் நிற்பதுமாக இருந்ததே முக்கிய காரணம்.

"ஓடுபாதை சிறியது. அதை நீட்டினால் பெரிய ஜெட் விமானங்கள் வரும். ஊர் செழிக்கும்" என்று ஒரு சாரார் கூறுகிறார்கள். நீட்டுவதற்கு நிலம் வேண்டும். அந்த நிலம் தமிழ்நாட்டு எல்லைக்குள், விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில் வேண்டும் என்று புதுச்சேரி அரசு கேட்டது.

ஆகவே, இது விமானம் ஏறுகிறவர்களின் விஷயம் மட்டும் அல்ல. விமானத்தையே ஏறிட்டுப் பார்க்காத விவசாயியின் விஷயமும் ஆகும்.

விசிறி விமானம் என்றால் என்ன?

ஜெட் விமானத்தின் என்ஜின் சூடான காற்றைப் பின்பக்கம் வேகமாகத் தள்ளுகிறது. அந்த வேகத்தில் விமானம் முன்னே பாய்கிறது.

"டர்போபிராப்" என்று ஒரு வகை விமானம் உண்டு. அதிலும் இருப்பது ஜெட் என்ஜினைப் போன்ற என்ஜின்தான். ஆனால் அதன் சக்தியில் பெரும் பகுதி, வெளியே உள்ள பெரிய விசிறியைச் சுழற்றுவதற்குச் செலவாகிறது. விசிறி காற்றை அள்ளிப் பின்னே தள்ள, விமானம் முன்னே போகிறது. இதைத்தான் விசிறி விமானம் என்கிறோம்.

விசிறியைப் பார்த்ததும் "பழைய காலத்து விமானம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. இந்த வகையில் முதல் பிரயாணி விமானமான "வைக்கவுண்ட்" 1948-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி இங்கிலாந்தில் பறந்தது. 1957-ல் அது நம் நாட்டுக்கும் வந்தது. 1961-ல் கான்பூரில் "ஆவ்ரோ" என்ற விசிறி விமானத்தை இந்தியர்களே கட்டிப் பறக்கவிட்டார்கள்.

இன்று நம் நாட்டுச் சிறு ஊர்களுக்கு அதிகமாகப் பறப்பது "ஏ.டி.ஆர். 72" என்ற விமானம். பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கம்பெனி இதைத் தயாரிக்கிறது. இதற்குப் போட்டியாக இருந்த கனடா நாட்டு "கியூ 400" விமானத்தின் தயாரிப்பு 2021-ல் நின்றுவிட்டது.

14 நிமிடம்தான் வித்தியாசம்!

ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோ மீட்டர் வேகத்தில் போகும். "ஏர்பஸ் ஏ 320" என்ற ஜெட் விமானம் சுமார் 830 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்.

அப்படியானால் ஜெட்டே மேல் அல்லவா? தூரத்தைப் பார்க்க வேண்டும்.

300 கிலோ மீட்டர் தூரத்தை அதே வேகத்தில் கடக்க விசிறி விமானத்துக்கு 36 நிமிடம். ஜெட்டுக்கு 22 நிமிடம். வித்தியாசம் 14 நிமிடம்தான். ஜெட்டோ இந்தச் சிறு தூரத்தில் முழு வேகத்தை எட்டி வெகு நேரம் பறக்க முடியாது. உயரே ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும். ஏறும்போதுதான் எரிபொருளை அது அதிகமாகக் குடிக்கிறது.

2,000 கிலோ மீட்டர் என்றால் கணக்கு மாறிவிடும். விசிறி விமானத்துக்கு 4 மணி நேரம். ஜெட்டுக்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. டில்லி போக ஜெட் வேண்டும். பெங்களூர் போக அது அவசியம் இல்லை.

ஆசனக் கணக்கையும் பாருங்கள். ஏ.டி.ஆரில் 78 பேர் வரை உட்காரலாம். ஏ 320-ல் சுமார் 180 பேர். ஒரு நாள் 55 பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். விசிறி விமானத்தில் பத்துக்கு ஏழு ஆசனம் நிரம்பிவிடும். ஜெட்டில் பத்துக்கு ஏழு ஆசனம் காலி!

அரசாங்கச் சட்டமும் சிறிய விமானத்துக்கு உதவி செய்கிறது. 40 ஆயிரம் கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்கள் வாங்கும் எரிபொருளுக்கு விற்பனை வரி குறைவுதான். பெரிய ஜெட் விமானங்களுக்குப் பல மாநிலங்களில் அதைவிட அதிகம்.

ஓடுபாதைதான் உயிர்நாடி

புதுச்சேரி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். ஏ.டி.ஆர். விமானம் முழுப் பாரத்துடன் கிளம்பச் சுமார் 1,300 மீட்டர் போதும். ஏ 320 முழுப் பாரத்துடன் கிளம்ப 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும்.

கோடை வெயிலில் காற்று மெலிந்துவிடும். அப்போது இன்னும் நீளம் தேவைப்படும். அல்லது பாரத்தைக் குறைக்க வேண்டும்.

ஆக, ஜெட் வேண்டும் என்றால் நிலம் வேண்டும். விசிறி விமானம் போதும் என்றால் இருக்கிற பாதையே போதும். 2019-ல் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டபோதும் ஏ.டி.ஆரைத்தான் விட்டார்கள்.

வந்ததும் நின்றதும்

விமானம் பொருத்தமாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதைப் புதுச்சேரியின் கதையே காட்டுகிறது.

2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் கம்பெனி பெங்களூருக்கு விசிறி விமானம் விட்டது. அடுத்த ஆண்டே நின்றது. 2015-ல் அலையன்ஸ் ஏர் வந்தது. சில மாதங்களில் அதுவும் நின்றது.

2016-ல் மத்திய அரசாங்கம் "உடான்" திட்டத்தை அறிவித்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று பாதி ஆசனங்களுக்குக் கட்டண உச்சவரம்பு கட்டினார்கள். கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டத்தை 3 ஆண்டுகளுக்கு ஈடு செய்யவும் ஏற்பாடு செய்தார்கள்.

இந்தத் திட்டத்தில் 2017 ஆகஸ்டில் புதுச்சேரி-ஐதராபாத் விமானம் தொடங்கியது. கொரோனா காலத்தில் தடைப்பட்டு, 2022-ல் மறுபடி தொடங்கி, 2024-ல் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி இண்டிகோ கம்பெனி ஏ.டி.ஆர். விமானங்களுடன் வந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கியது.

சேலத்தின் கதையும் இதுதான். 2018 மார்ச்சில் ட்ரூஜெட் கம்பெனி சென்னைக்கு ஏ.டி.ஆர். விட்டது. 2021-ல் அது நின்றது. 2023 அக்டோபர் வரை சேலம் காத்திருந்தது.

காரணம் என்ன? சிறு கம்பெனிகளிடம் விமானங்கள் குறைவு. ஒன்று பழுதானால் மாற்று விமானம் இல்லை. இரண்டு முறை ரத்தானால் வியாபாரி மறுபடி டிக்கெட் வாங்க யோசிப்பார். ஆசனம் காலியாகும், நஷ்டம் கூடும். உதவிப் பணமும் நின்றுவிட்டால் விமானமும் நின்றுவிடுகிறது.

பாதுகாப்பானதா?

2023 ஜனவரி 15-ந் தேதி நேபாளத்தில் பொக்காரா அருகே ஏ.டி.ஆர். விமானம் விழுந்து 72 பேர் மாண்டனர். விசிறியே ஆபத்து என்று பலர் பயந்தார்கள்.

விசாரணை வேறு உண்மையைச் சொன்னது. இறக்கையின் மடிப்பை இறக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக, விசிறியைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல்கள் தவறுதலாக இழுக்கப்பட்டிருந்தன. விமானம் எந்த வகையானாலும், விமானிக்குப் பயிற்சியும் கம்பெனியிடம் கண்டிப்பும் வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

முதலில் எது?

ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்பவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. பம்பாய்க்கும் டில்லிக்கும் நேரே போக ஜெட் வேண்டும். மழைக்காலத்தில் நீண்ட ஓடுபாதை கூடுதல் பாதுகாப்புத் தரும்.

ஆனால் வாங்கிய நிலத்தைத் திருப்பிப் பழைய வயலாக்க முடியாது. 78 ஆசனங்கள் நிரம்பாமல் திரும்பத் திரும்ப விமானம் நின்ற ஊரில், 180 ஆசனங்கள் நிரம்பும் என்று எப்படி நம்புவது?

முதலில் விசிறி விமானம் ஒரு நாளும் தவறாமல் வரட்டும். ஒலக்கூர், திண்டிவனம், விழுப்புரம் மக்கள் நேரத்தோடு போய்ச் சேரப் பஸ் வசதி செய்யப்படட்டும். ஆண்டு முழுவதும் ஆசனங்கள் நிரம்பி, டிக்கெட் கிடைக்காமல் ஜனங்கள் திரும்பும் நிலை வரட்டும். வானூர் நிலத்தைப் பற்றிப் பேச அதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.