குதிரைத்திறன் அப்புறம், முதல்ல பிரேக்

பழைய கார் ரெஸ்டோரேஷன் வீடியோ பாக்காத மெக்கானிக்கல் பசங்க நம்ம காலேஜ்ல யாராவது இருக்காங்களா? அமெரிக்காவுல ஒரு வீட்டு கராஜ். துருப்பிடிச்ச ஒரு 1960கள் கார் உள்ளே வருது. பழைய இன்ஜின் வெளியே, பெரிய வி-8 உள்ளே. டயர்ல புகை பறக்குது, லைக் குவியுது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: அந்த வண்டி எப்படிங்க நிக்கும்?

வீட்டுல வச்சு பழைய காரை அப்கிரேட் பண்றவங்க முதல் காசை இன்ஜினுக்குச் செலவழிக்கக் கூடாது, பிரேக்குக்குத்தான் செலவழிக்கணும். இதுதான் என் கருத்து. ஏன்னு ஒரு உதாரணத்தோட பாப்போம்.

ஃபோர்டு ஃபால்கன். அமெரிக்காவின் பிரம்மாண்டமான கார்களுக்கு நடுவுல, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் மாதிரி சின்ன கார்கள் விற்பனையைப் பிடிக்க ஆரம்பிச்சப்போ, அதுக்குப் பதிலா 1960 மாடலாக ஃபோர்டு கொண்டுவந்த காம்பாக்ட் கார். அப்போ ஃபோர்டில் உயர் பொறுப்பில் இருந்து, பின்னாடி அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரான ராபர்ட் மெக்நமாராதான் இதுக்குப் பெரிய ஆதரவாளர். ஆரம்ப விலை 2,000 டாலருக்கும் கீழே. முதல் வருஷமே நாலு லட்சத்துக்கு மேல வித்துச்சு. 1964ல வந்த முதல் மஸ்டாங்கும் இந்த ஃபால்கனை அடிப்படையா வச்சுச் செஞ்சதுதான். அதனால இன்னைக்கும் உதிரிபாகம் கிடைக்குது, வீட்டு கராஜ்காரங்களுக்கும் இது செல்லப்பிள்ளை.

இப்போ இதன் உள்ளே பாருங்க. ஆறு சிலிண்டர், 144 கன அங்குலம், அதாவது சுமார் 2.4 லிட்டர். 90 குதிரைத்திறன். இன்டேக் மேனிஃபோல்டு தனியா இல்லை, சிலிண்டர் ஹெட்டோட ஒரே வார்ப்பா வரும். அதனால மேனிஃபோல்டை மட்டும் மாத்திப் பவரைக் கூட்டலாம்னா முடியாது. "அப்போ வி-8 போட்டுடலாம்"னு மனசு தாவுறது இந்த இடத்துலதான்.

தாவுறதுக்கு முன்னாடி சக்கரத்தை எண்ணிப் பாருங்க. ஆறு சிலிண்டர் ஃபால்கன்ல ஒரு சக்கரத்துக்கு நாலு போல்ட். 1963ல ஃபோர்டே வி-8 ஃபால்கன் கொண்டுவந்தப்போ அது அஞ்சு போல்ட் ஆச்சு. பிரேக் டிரம் பெருசாச்சு, பின் ஆக்ஸில் வலுவானதா மாறுச்சு, சஸ்பென்ஷனும் மாறுச்சு. கம்பெனி இன்ஜினியர்கள் இன்ஜினை மட்டும் மாத்தலை. அந்த இன்ஜினைத் தாங்குற, நிறுத்துற எல்லாத்தையும் சேர்த்து மாத்துனாங்க. வீடியோல பல பேர் விட்டுடுறது இந்தப் பாதியைத்தான்.

கணக்கு நமக்குத் தெரிஞ்சதுதான். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏத்த மாதிரி கூடும். வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் வெப்பமா மாத்த வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. டிரம் பிரேக்ல அந்த வெப்பம் மூடின கிண்ணத்துக்குள்ளேயே தங்கிடும். திரும்பத் திரும்ப அழுத்துனா பிடிமானம் குறைஞ்சுகிட்டே போகும்.

இன்னொரு விஷயம் இதைவிட பயங்கரம். ஆரம்ப கால ஃபால்கன்ல நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான். ஏதாவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடிச்சாலும் பெடல் நேரா தரைக்குப் போயிடும், நாலு சக்கரத்துலயும் பிரேக் இருக்காது. அப்புறம் ஹேண்ட்பிரேக்தான் கதி. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சுற்று கொண்ட டூயல் மாஸ்டர் சிலிண்டர் 1967 மாடல்கள்லதான் அமெரிக்க கார்கள்ல பொதுவாச்சு. அதனால டூயல் மாஸ்டர் சிலிண்டர், புது ஹோஸ், புது ஸ்டீல் பைப், இதுதான் முதல் வேலை. பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும்கிறதால பைப் உள்ளேயிருந்தே துருப்பிடிச்சிருக்கும், வெளியே பளபளன்னு இருக்குன்னு நம்பிடாதீங்க.

அடுத்தது முன்பக்க டிஸ்க். இதையும் "கழட்டு, மாட்டு"ன்னு முடிக்க முடியாது. டிரம்ல சக்கரம் சுத்துறதே ஷூவை உள்ளே இழுத்து அழுத்திக் கொடுக்கும். டிஸ்க்ல அந்த உதவி இல்லை, அதனால பெடல் கனமாகும். பூஸ்டரோ பொருத்தமான மாஸ்டர் சிலிண்டரோ தேவைப்படும். பின்னாடி டிரம் அப்படியே இருந்தா, பின் சக்கரம் முதல்ல லாக் ஆகாம இருக்க ப்ரபோர்ஷனிங் வால்வு வேணும். டிரம்முக்காக லைன்ல கொஞ்சம் அழுத்தம் தேக்கி வைக்கிற வால்வு முன்பக்கம் இருந்தா எடுத்துடணும், இல்லைன்னா பேடு உரசிக்கிட்டே ஓடும். பாருங்க, ஒரு பாகத்தைத் தொட்டா நாலு பாகம் பதில் கேக்குது.

"பழசு பழசாவே இருக்கணும், டிஸ்க் போட்டா அது ஒரிஜினலே இல்லை"ன்னு சொல்றவங்களும் உண்டு. மியூசியத்துல நிக்கிற வண்டின்னா நானும் அந்தக் கட்சிதான். ஆனா ரோட்டுக்கு வர்ற வண்டி விஷயம் வேற. 1960ல அதுக்கு முன்னாடி போனதும் டிரம் பிரேக் கார்தான். இன்னைக்கு முன்னாடி போறது ஏபிஎஸ் கார். அது டக்குனு நின்னா, பின்னாடி வர்ற உங்க "ஒரிஜினல்" எங்க போய் நிக்கும்? பழைய டிரம்மைத் துடைச்சு, பெட்டியில போட்டுப் பரண்ல வைங்க. என்னைக்காவது வேணும்னா திரும்ப மாட்டிக்கலாம். அடிபட்ட ஆளை அப்படித் திரும்ப மாட்ட முடியாது.

சீட் பெல்ட்டும் இதே கணக்குதான். அமெரிக்காவுல நாடு முழுக்க அது கட்டாயமானது 1968லதான். புதுசா போடுறப்போ முதல்ல தரையைத் தட்டிப் பாருங்க. ஃபால்கனுக்குத் தனி சட்டம் கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. விண்ட்ஷீல்டுக்குக் கீழே இருக்கிற காற்றுப் பெட்டி ஒழுகித் தரை துருப்பிடிக்கிறது இந்த வண்டிகளோட பரம்பரை வியாதி. துருத் தகட்டுல போல்ட் போட்ட பெல்ட், கட்டாத பெல்ட்டுக்குச் சமம்.

வி-8 வேண்டாம்னு நான் சொல்லலை. அது வரிசையில கடைசின்னு சொல்றேன். 90 குதிரைத்திறனோட, சொன்ன இடத்துல நிக்கிற ஃபால்கன் வேலை முடிஞ்ச வண்டி. 300 குதிரைத்திறன் ஏத்தியும் நிக்கத் தெரியலைன்னா, பெயிண்ட் எவ்வளவு மின்னினாலும், அது பாதியில நிக்கிற வேலைதான்.