உடன்படிக்கையும் கடிதங்களும்

போர் தலைவர்களை உயர்த்தும் என்பர். முகமாலைப் போர்முனைக்கு அயலே, கொடிகாமத்தில் வாழ்ந்த எனக்கோ அது அவர்களைக் குறுக்குவதாகவே தோன்றுகிறது.

1977இல் ஆட்சியேறிய ஜே. ஆர். ஜெயவர்த்தனா மேனாட்டை நம்பியவர். 1983இல் மூண்ட போர் அவரை இந்தியாவின் முன் கொணர்ந்து நிறுத்தியது. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியுடன் அவர் ஒப்பமிட்ட உடன்படிக்கையை யாவரும் அறிவர். உடன் கைமாறிய கடிதங்களை எம்மவருள் எத்தனைபேர் படித்தனர்? திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்த் தாங்கிகள், அந்நிய வானொலி ஆகியவையும் அவற்றில் இடம்பெற்றன. அமெரிக்காவின் நிழல் இங்கே படியலாகாதென்பது டில்லியின் கவலை. எம் துயர் அக்கவலைக்கு வாயிலாயிற்று என்பேன்.

உடன்படிக்கை தந்த வடக்குக் கிழக்கு இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. எண்ணெய்த் தாங்கிகளுக்கோ 2022இல் புதிய ஒப்பந்தமே எழுதப்பட்டது.